பார்த்ததாகச் சொன்ன படங்கள்

அச்சகத்தில் அவரைக் களஞ்சியம் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. உலகம் மெச்சிய பழைய படம் எதைப் பற்றிக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து கதை மடமடவென்று கொட்டும். கடைசிக் காட்சியில் காமிரா எங்கே நின்றது, கதாநாயகி எந்தத் தோளில் சால்வை போட்டிருந்தாள் என்பதுவரை சொல்லுவார். "மனுஷன் எத்தனை படம் பாத்திருக்கார்யா!" என்று அவர் காதுபடவே பேசிக்கொள்வார்கள்.

அந்தப் படங்களில் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை.

அதற்காக அவரைப் புளுகர் என்று ஒதுக்கிவிட வேண்டாம். அவருக்கு வேலை புரூஃப் பார்ப்பது, அச்சேறும் முன் பிழை திருத்துவது. இப்போது மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற பொடி எழுத்துத் தாள்களும் பள்ளிப் புத்தகங்களும் பார்க்கிறார். அதற்கு முன் பத்தொன்பது வருடம் ஒரு சினிமாப் பத்திரிகைக்குப் பார்த்தார். மாதத்துக்கு ஒரு பழைய படம் என்று ஆறு பக்கக் கட்டுரை வரும். புரூஃப் பார்க்கிறவர் ஒரு கட்டுரையை ஒரு தடவை படித்தால் போதாது. எழுத்துக்கு ஒரு தடவை, பொருளுக்கு ஒரு தடவை, திருத்தியது திருந்தியிருக்கிறதா என்று இன்னொரு தடவை. மூன்று தடவை படித்தால் எதுவும் உடம்பில் ஊறிவிடும். அவருக்கு ஊறிவிட்டது.

முதல் பொய் தேநீர் இடைவேளையில் நடந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. மெஷின் ஓட்டுகிறவர் அந்த மாதக் கட்டுரையைக் காட்டி, "இந்தப் படம் நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார். இவர் வாய் நிறைய பிஸ்கட். தலையை ஆட்டி வைத்தார். பிஸ்கட்டை முழுங்கிய பிறகு, இல்லை, புரூஃபில் படித்ததுதான் என்று சொல்லியிருக்கலாம். அடுத்தவர் எழுத்தில் ஒரு கொம்பு விட்டுப்போனாலும் பொறுக்காதவர், தன் தலையாட்டலை மட்டும் திருத்தாமல் விட்டுவிட்டார்.

அதற்கப்புறம் அது தன்பாட்டுக்கு வளர்ந்தது. ஒருமுறை பார்த்தேன் என்று சொல்லிவிட்ட படத்தைத் தேடிப்போய்ப் பார்க்கவும் தயக்கம். மறுபடி பார்க்க வந்தேன் என்று சமாளித்திருக்கலாம்தான். ஆனால் தான் சொன்ன கதையும் திரையில் ஓடுகிற கதையும் வேறு வேறாக இருந்துவிட்டால்? அந்தப் பயத்திலேயே முப்பது வருடம் போய்விட்டது.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் மனைவிதான். கல்யாணமானதிலிருந்து இருவரும் சேர்ந்து மூன்று படம் பார்த்திருக்கிறார்கள். மூன்றும் அவள் தேர்ந்தெடுத்தவை, மூன்றிலும் அவர் இடைவேளைக்கு முன்பே தூங்கிப்போனார். அப்படிப்பட்ட மனிதர் உறவுக்காரர்கள் நடுவே உட்கார்ந்து, "அந்தப் படத்துல ஒரு மௌனம் வரும் பாருங்க" என்று ஆரம்பிக்கும்போது அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். சிரிப்பை அடக்கத்தான்.

ஒரு நாள் காலையில் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் வீடு தேடி வந்தார். தொலைபேசித் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், சும்மா உட்காரத் தெரியாதவர். கீழ்த்தளத்தில் பிங்பாங் மேசை போட்டிருக்கிற கூடத்தில் ஆறு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஆறு பழைய படங்கள் போடப்போகிறாராம். திரை, ஒலிபெருக்கி எல்லாம் தயார்.

"படத்துக்கு முன்னாடி நீங்க ஒரு அஞ்சு நிமிஷம் பேசணும் சார். முடிஞ்சதும் ஜனங்க கேள்வி கேப்பாங்க, பதில் சொல்லணும். உங்களுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு."

களஞ்சியம் பட்டியலைப் பார்த்தார். ஆறும் அவர் பல பேரிடம் பலமுறை கதை சொன்ன படங்கள். பழக்கதோஷம், தலை தானாக ஆடியது.

செயலாளர் மாடிப்படி இறங்குகிற சத்தம் அடங்கியதும் மனைவி, "மாட்டிக்கிட்டீங்களா?" என்றாள். அவள் தையல் மெஷின் விற்கிற கடையில் காசாளர், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"படிச்சது ஞாபகம் இருக்கு. சமாளிச்சுடுவேன்."

"இத்தனை நாள் படம் பாக்காதவங்ககிட்ட சமாளிச்சீங்க. இப்போ படத்தை அவங்க கண்ணு முன்னாடி ஓடவிட்டுட்டு இல்ல கேக்கப்போறாங்க?"

அவள் போனதும் அவர் அச்சகத்தில் கொடுத்த பழைய டைரி ஒன்றை எடுத்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கோடு போட்டார். முதல் கட்டத்தில் எண், இரண்டாவதில் படத்தின் பெயர், மூன்றாவதில் யாரிடம் பார்த்ததாகச் சொன்னது. தொழில் புத்தி, பொய்யைக்கூட அட்டவணை போடாமல் விடாது. மெஷின்காரர், பெரியப்பா மகன், பல் டாக்டர், ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர் என்று எழுதிக்கொண்டே போனார். மொத்தம் அறுபத்து மூன்று படம். பதினேழாவதற்கு நேரே 'தங்கை' என்று எழுதினார். எழுதும்போது அதில் விசேஷமாக எதுவும் தோன்றவில்லை.

அவருக்கு ஷிப்ட் மத்தியானம் இரண்டு மணிக்கு. மனைவி ஒன்பதுக்குக் கிளம்பிவிடுவாள். ஒன்பதரையிலிருந்து ஒரு மணிவரை வீட்டில் அவரும் டிவியும்தான். அந்தக் காலத்தில் கிடைக்கவே கிடைக்காத படங்களெல்லாம் இப்போது விரல் நுனியில். ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு, கையில் பென்சிலோடு உட்கார்ந்தார்.

முதல் இரண்டு படங்களில் அவர் கதையையே பார்க்கவில்லை. அடியில் ஓடுகிற வசன எழுத்துகளில் பிழை பார்த்தார். முதல் படத்தில் பதினொன்று. 'அவன் வந்தால்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'வந்தாள்' என்று வந்து ஒரு கொலையே ஆள் மாறிப்போயிருந்தது. நிறுத்தி நிறுத்திக் குறித்துக்கொண்டார். மூன்றாவது படத்தில் பென்சில் கைநழுவி விழுந்தது, எடுக்கக் குனியத் தோன்றவில்லை.

கட்டுரைகள் சொல்லாமல் விட்டது எவ்வளவு என்று போகப்போகத்தான் தெரிந்தது. குதிரையை விற்கப்போகும் விவசாயியைப் பற்றிய படம் நெஞ்சைப் பிழியும் என்று எழுதியிருந்தார்கள், அவரும் அதையே நாற்பது பேரிடம் சொல்லியிருக்கிறார். அவருக்கு ஒன்றும் பிழியவில்லை. ஆனால் சந்தைக் காட்சியின் ஓரத்தில் யாரோ ஒரு பெண், படத்துக்குச் சம்பந்தமே இல்லாதவள், செருப்பில் குத்திய கல்லை எடுத்துக்கொண்டிருந்தாள். அவளையே பார்த்துக்கொண்டிருந்ததில் குதிரை விலை போனதைக் கவனிக்கவில்லை. ஒன்பதாவது படத்தை அவர் எப்போதும் தழுதழுத்த குரலில் சொல்லுவார். பார்த்தால் அது சிரிப்புப் படம். தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார், பக்கத்து வீட்டில் கேட்டிருக்கும்.

"இன்னைக்கு எத்தனையாவது?" என்று மனைவி சாயங்காலம் போனில் கேட்பாள். அச்சகத்தில் மருந்துத் தாள் ஒரு கையிலும் போன் ஒரு கையிலுமாக இவர் சொல்லுவார். பரீட்சைக்குப் படிக்கிற பையனை விசாரிக்கிற மாதிரி இருக்கும்.

முதல் இரண்டு ஞாயிறும் நன்றாகவே போனது. பதினைந்து இருபது பேர் வந்தார்கள். அவர் பேசினார், கேட்டதற்குப் பதில் சொன்னார், செயலாளர் கைதட்டலைத் தொடங்கி வைத்தார். மூன்றாவது ஞாயிற்றுக்குப் பதினேழாம் எண். அதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. அதுதான் அவருடைய துருப்புச்சீட்டு. அத்தனை படத்திலும் அவர் அதிகம் சொன்னது அதைத்தான்.

துறைமுகத்தில் சரக்கு எடை குறிக்கிற அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் கதை அது. வீட்டில் படுத்த படுக்கையாக அப்பா. கடல் தாண்டி ஓர் ஊரிலிருந்து அவளுக்கு நல்ல வேலைக்கு உத்தரவு வருகிறது. கப்பல் புறப்பட ஒரு வாரம். போவாளா, மாட்டாளா? அந்த ஒரு வாரம்தான் படம். கடைசியில் கப்பல்துறை மேடையில் பெட்டியோடு நிற்கிறாள். களஞ்சியம் இந்த இடத்தில் நிறுத்துவார். மூச்சை இழுப்பார். "பெட்டியைக் கீழ வைக்கிறா" என்பார். அப்புறம் கையை விரித்து, "அவ்வளவுதான். கப்பல் போயிடுது" என்பார். கேட்கிற பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை அந்தப் படத்தைப் போட்டார். வரிக்கு வரி கட்டுரையில் படித்தபடியே போனது. கடைசிக் காட்சி வந்தது. மேடை, கப்பல், ஏறுகிற பலகை, கூட்டம். அவள் பெட்டியைக் கீழே வைத்தாள்.

வழக்கம்போல அவர் மூச்சை இழுத்தார்.

அவள் வலது கை விரல்களை இரண்டு தடவை மடக்கி விரித்தாள். மணிக்கட்டை உதறினாள். பெட்டியைச் சுற்றி அந்தப் பக்கம் போய், இடது கையால் தூக்கிக்கொண்டு பலகைமேல் ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை. கப்பல் கிளம்பியது. வெறும் மேடையில் ஓர் ஆள் வாளித் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தான். படம் முடிந்தது.

அவர் பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தார். மூன்றாம் தடவையும் அவள் ஏறிப்போய்விட்டாள்.

அப்போதுதான் அந்தப் பக்கம் நினைவுக்கு வந்தது. கட்டுரையின் கடைசிப் பக்கத்துக்குக் கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் வந்து சேர்ந்திருந்தது. பக்கம் கட்டுகிறவர், "நாலு வரி நீளுது சார், என்ன பண்ணட்டும்?" என்று கேட்டார். ஆசிரியர் இல்லை. அச்சுக்குப் போக அரைமணி நேரம். களஞ்சியமே கடைசி நாலு வரியின் மேல் கோடு இழுத்து, ஓரத்தில் 'வெட்டவும்' என்று எழுதி, சுழித்துக் கையெழுத்தும் போட்டார். கட்டுரை 'பெட்டியைக் கீழே வைக்கிறாள்' என்பதோடு நின்றது. நன்றாகத்தான் நின்றது. பலர் அந்த முடிவைப் பாராட்டிக் கடிதம்கூட எழுதினார்கள்.

வெட்டுவதற்கு முன் அந்த நாலு வரியை அவர் படித்தாரா? படித்திருக்க வேண்டும். எதையும் படிக்காமல் விடுகிறவர் இல்லை அவர். ஆனால் எவ்வளவு முட்டிப் பார்த்தும் அந்த வரிகள் கண்ணுக்கு வரவில்லை. கோடு மட்டும்தான் வந்தது.

டைரி பக்கத்தில் திறந்து கிடந்தது. பதினேழு. தங்கை.

இருபத்தெட்டு வருடத்துக்கு முன், ஒரு சாயங்காலம் தங்கை அச்சக வாசலுக்கு வந்தாள். அவளுக்கு இருபத்தாறு வயது, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வேறு நாட்டில் ஒரு பெரிய ஆராய்ச்சி மருத்துவமனையில் மூன்று வருட வேலைக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்தச் சமயம்தான் அம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் வராமல் போயிருந்தது. அம்மா அவளோடு இருந்தாள். களஞ்சியத்துக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம், ஒற்றை அறை வீடு, கைக்குழந்தை.

எதிர்க் கடையில் தேநீர் குடித்தார்கள். போகட்டுமா என்று அவள் கேட்கவே இல்லை. "அண்ணா, ஒரு துறைமுகப் படம் இருக்காமே, அப்படியே என் கதைதான்னு கூட வேலை பாக்கிறவ சொன்னா. எங்கயும் கிடைக்கல. நீ பாத்திருக்கியா?" என்றாள்.

"பாக்காம என்ன!"

"கடைசில அவ போறாளா?"

இவர் கதையைச் சொன்னார். நன்றாகவே சொன்னார். மூச்சை இழுத்தார், கையை விரித்தார்.

அவள் டம்ளரில் மிச்சமிருந்ததைக் குடித்துவிட்டு, "சரி" என்றாள். பஸ் வந்தது, ஏறிப்போனாள். தான் வரவில்லை என்று அந்த வாரத்திலேயே அந்த மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிப்போட்டாள். அம்மா அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்தாள்.

அன்று களஞ்சியம் வேலைக்குப் போகவில்லை. அச்சகத்துக்குப் போன் செய்து தலைவலி என்றார். மனைவி வந்தபோது ஜன்னல் திரை மூடியபடியே இருந்தது. விளக்கைப் போட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தவள் கைப்பையைக்கூட வைக்காமல் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னார்.

"அவகிட்ட சொல்லணுமா?" என்று கேட்டார்.

"என்னைக் கேக்காதீங்க." சற்று நேரம் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு அத்தையை நாம கூட்டிட்டு வந்திருக்கணும். ஒத்த ரூமு, கைக்குழந்தைன்னு நானும் வாயைத் திறக்கல. அவ போகலன்னு தெரிஞ்சப்ப எனக்கும்தான் அப்பாடான்னு இருந்துச்சு. இதுல நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு யோசனை சொல்றது?"

வியாழக்கிழமை மத்தியானம் தங்கையின் பரிசோதனைக் கூடத்துக்குப் போனார். இப்போது அதற்கு அவள்தான் தலைமை. பின்பக்க அறையில் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

"யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. நீ சாப்பிடு."

"உன் மூஞ்சியே சரியில்ல. சுகர் பாத்தியா?"

"சுகரெல்லாம் சரியாத்தான் இருக்கு." அவர் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மென்று முழுங்கி, சுற்றி வளைத்து, விளம்பரம், நாலு வரி, கோடு என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தார். "அவ போயிடுறாம்மா. கை வலிச்சுதான் பெட்டியைக் கீழ வைக்கிறா. நான் பாக்கவே இல்ல. எந்தப் படமும் பாக்கல. உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

தங்கை டிபன் பாக்ஸை மூடினாள்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அவ போயிடுறான்னு. அம்மா போன மறுவருஷம் டிரெய்னிங்குக்கு வெளியூர் போனேன் இல்ல, அங்க ஒரு காலேஜ்ல அந்தப் படம் போட்டாங்க. போய்ப் பாத்தேன். அவ இடது கையால பெட்டியைத் தூக்கினதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சத்தமாவே சிரிச்சுட்டேன். முன்சீட்டு ஆளு திரும்பி முறைச்சாரு."

"அப்பவே ஏன் என்கிட்ட கேக்கல?"

"கேட்டு? நீ ஒரு சப்பைக்கட்டு கட்டுவ. வேற பிரின்ட்டுல வேற முடிவு இருக்குன்னு சொல்லுவ. எதுக்கு அது?"

அவருக்கு முகம் சுட்டது. அப்படித்தான் சொல்லியிருப்பார், அதே வார்த்தைகளில்.

"என்னாலதானே நீ போகாம இருந்துட்ட" என்றார்.

தங்கை அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ரத்தக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"படத்தைக் கேட்டா ஒருத்தி முடிவெடுப்பா? நான் உன் மூஞ்சியைப் பாத்துட்டு இருந்தேன். 'கப்பல் போயிடுது'ன்னு சொன்ன பாரு, அப்போ உனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? பரீட்சை பாஸான மாதிரி. அப்பவே புரிஞ்சுபோச்சு, அம்மாவை நீ பாத்துக்கப்போறதில்லன்னு. யாரு இருக்கா அப்புறம்?"

வெளியே ஏதோ ஒரு கருவி வேலை முடிந்ததென்று கூவியது. அவள் எழுந்துபோய் நிறுத்திவிட்டு வந்தாள்.

"ஆனா ஒண்ணு சொல்றேன்" என்றாள் உட்காராமலே. "எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. தெரியாத ஊரு, தெரியாத பாஷை. நீ 'போ'ன்னு தள்ளியிருந்தாக்கூட போயிருப்பேனான்னு சத்தியமா சொல்லத் தெரியல. அதனால உன் பங்கை மட்டும் நீ எடுத்துக்கோ. என்னோடதையும் சேத்துத் தலையில வச்சுக்கிட்டு அழாத. எனக்கு அது பிடிக்காது."

"அம்மா இருந்தப்ப ஞாயித்துக்கிழமை தவறாம வந்தேனேம்மா" என்றார். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சின்னப் பேச்சு என்று பட்டது.

"வந்த. கட்டில் பக்கத்துல உக்காந்து ஒரு மணி நேரம் படக்கதை சொல்லுவ. அம்மா விழுந்து விழுந்து சிரிக்கும். வாரம் பூரா உனக்காகக் காத்துக்கிட்டு இருக்கும். நீ போனதும் என்கிட்ட, 'அவன் எவ்வளவு அறிவாளி பாரு'ன்னு சொல்லும், நான் போர்வை மாத்திக்கிட்டு இருப்பேன்." தங்கைக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியிருந்தது. "அந்த ஒரு மணி நேரம்தான் நான் நிம்மதியா தலைக்குக் குளிக்கிற நேரம். அதுக்காகவே நீ இன்னொரு கதை சொல்ல மாட்டியான்னு இருக்கும்."

மன்னிப்பு என்ற சொல் அவர் வாய்வரை வந்தது. தங்கை அதற்குள் கையுறையை எடுத்து மாட்ட ஆரம்பித்துவிட்டாள். "ஞாயித்துக்கிழமை அந்தப் படத்தைத்தானே போடறீங்க? எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

ஞாயிறு ஐந்து மணிக்குக் கூடத்தில் பதினெட்டு பேர் இருந்தார்கள். தங்கை கடைசி வரிசையில், மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். களஞ்சியம் இரவெல்லாம் ஒத்திகை பார்த்ததை ஒரே மூச்சில் சொன்னார்.

"இந்தப் படத்தை நான் முதல் தடவையா பாத்தது போன செவ்வாய்க்கிழமை. அதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல. இது மட்டுமில்ல, எதையும் பாத்ததில்ல. எல்லாம் புரூஃப்ல படிச்சது. உங்க எல்லார்கிட்டயும் பாத்ததா சொன்னது பொய்."

சொல்லிவிட்டு, அடி விழக் காத்திருக்கிறவர் மாதிரி நின்றார்.

முதல் வரிசையில் ஒருவர் சிரித்தார். "விடுங்க சார். நாங்க இன்னும் பாக்கவே இல்லையே" என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. செயலாளர் எழுந்து, "சார் எப்பவுமே அடக்கமாத்தான் பேசுவார். எத்தனை தடவை பாத்தாலும் முதல் தடவை பாக்கிற மாதிரி பாக்கணும்னு சொல்ல வர்றார்" என்று விளக்கம் கொடுத்துக் கைதட்டினார்.

"இல்ல சார், நெஜமாவே நான்..."

"புரியுது சார், புரியுது" என்று செயலாளர் விளக்கை அணைத்துவிட்டார்.

இருட்டில் நின்றுகொண்டிருந்த களஞ்சியத்துக்கு நிம்மதியாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது. முப்பது வருடம் மூட்டையாகக் கட்டிச் சுமந்ததைக் கொண்டுவந்து இறக்கினால், ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டுத்தடுமாறிக் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தார்.

"நல்லாப் பேசினீங்க" என்று மனைவி கிசுகிசுத்தாள். "யாரும் நம்பல."

படம் முடிந்ததும் கேள்வி நேரம். நடுவரிசையில் இருந்த ஒரு பெண், தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறவள், எழுந்தாள். "சார், படுத்த படுக்கையா இருக்கிற அப்பாவை விட்டுட்டு அவ போனது சரியா?"

கட்டுரையில் அதற்கு என்ன எழுதியிருந்தது என்று அவர் மனம் பக்கங்களைப் புரட்டியது. இருந்தது, கடமையைப் பற்றி அழகாகவே ஒரு பத்தி இருந்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

"எனக்கு அந்தப் படத்துல வர்ற அண்ணனைப் பத்தித்தான் சொல்லத் தெரியும்" என்றார். "அவன் நாலு சீன்ல வர்றான். நாலுலயும் வாசல்கிட்டயே நிக்கிறான். ஒரு தடவைகூட அப்பா ரூமுக்குள்ள போகல. இவ்வளவு வருஷத்துல யாரும் அதை எழுதல. நான் படிக்கவே இல்ல. பாத்தப்பதான் தெரிஞ்சுது."

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் யோசித்துக்கொண்டே உட்கார்ந்தாள். கடைசி வரிசையை அவர் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவு வரவில்லை.

அன்று தங்கை அவர்கள் வீட்டிலேயே சாப்பிட்டாள். டைரியைக் கேட்டு வாங்கி முதலிலிருந்து படித்தாள். "பல் டாக்டர்கிட்டயுமா? வாயில கைய வச்சிருக்கும்போது எப்படி சொன்ன?" என்று கேட்டு அண்ணியும் அவளுமாகச் சிரித்தார்கள். பிறகு பேனாவை எடுத்து ஒன்பது படங்களை அடித்தாள். போர்ப் படம் தனக்கு ஆகாது, மற்றதெல்லாம் பார்க்கலாம் என்றாள். சனிக்கிழமை அவளுக்கு அரைநாள், அவருக்கு விடுமுறை. சனிக்கிழமை மத்தியானம் அவள் வீடு என்று முடிவாயிற்று.

போன சனிக்கிழமை முப்பத்தொன்றாவது. மூன்றே கால் மணி நேரப் படம், பனியும் மரமும் தவிர முதல் ஒரு மணி நேரத்தில் எதுவும் நடக்கவில்லை. அண்ணி பட்டாணி உரித்துக்கொண்டு பார்த்தாள். தங்கை காலையில் ஐந்து மணிக்கே பரிசோதனைக் கூடத்துக்குப் போனவள், சோபாவில் சாய்ந்தபடி நன்றாகத் தூங்கிப்போனாள். களஞ்சியம் தூங்கவில்லை. இடையில் கதை விறுவிறுவென்று நகர்ந்து, முடிய பத்து நிமிடம் இருக்கும்போது அவள் திடுக்கென்று எழுந்தாள்.

"என்ன ஆச்சு? அந்தக் கிழவர் யாரு? அவ புருஷன் எங்க?"

அவருக்கு நாக்கு நுனியில் இருந்தது. இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம், மூச்சை இழுத்துச் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும். அவர் ரிமோட்டை எடுத்தார்.

"எதுவரைக்கும் பாத்த?"

"பாலத்துல வண்டி மாட்டிக்கிச்சே, அதுவரைக்கும்."

"அய்யோ, அது ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாடி" என்றாள் அண்ணி. "சொல்லிடுங்களேன், பொழுது போயிடும்."

"இருக்கட்டும்" என்று அவர் பின்னால் ஓட்டினார். மரங்கள், பனி, கிழவர் எல்லாம் பின்னோக்கி ஓடின. பாலம் வந்தது. அண்ணி பட்டாணிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தங்கை காலை மடக்கி உட்கார்ந்தாள்.